முதல் உலகப் போர்: கப்பல் போட்டியா, பால்கன் பகையா?

1914 போருக்கு நெடுநாள் காரணம் எது என்று கேட்டால், பலர் முதலில் சொல்வது பிரிட்டன், ஜெர்மனி கடற்படைப் போட்டியைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. 1898-இல் ஜெர்மனி, பெரிய கடற்படை கட்டுவதற்காகக் கடற்படைச் சட்டம் கொண்டுவந்தது. 1906-இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியதும், அதுவரை இருந்த போர்க்கப்பல்கள் எல்லாம் பழசாகிப் போயின. பிரிட்டன் பிரான்ஸ், ரஷ்யா பக்கம் சாய்ந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

சரி, ஆனால் 1912-க்குப் பிறகு ஜெர்மனி தரைப்படைக்கே அதிகப் பணத்தைத் திருப்பியது. 1914 ஜூன் 28 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விருந்தாளிகளாக நின்றுகொண்டிருந்தன. ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் அங்கே பாய்மரப் படகுப் பந்தயத்தில் இருந்தார். போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை ஒரு சிகரெட் பெட்டிக்குள் வைத்து அவர் படகுக்குள் வீசினார்கள்.

எனக்குப் பால்கன் பகைதான், அதாவது தென்கிழக்கு ஐரோப்பாவில் ஒருபக்கம் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மறுபக்கம் செர்பியாவும் அதன் ஆதரவாளரான ரஷ்யாவும் மோதிக்கொண்ட பகைதான், ஆழமான காரணமாகத் தெரிகிறது. அது தணியவே இல்லை. 1908-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவை இணைத்துக்கொண்டது. 1905-இல் ஜப்பானிடம் தோற்றுக் களைத்திருந்த ரஷ்யா, ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்து 1909-இல் அதை ஏற்றது. அந்த அவமானம் ஆறவில்லை. அப்புறம் 1912-13 பால்கன் போர்களில் செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அது ஆஸ்திரியா-ஹங்கேரியின் தலைநகர் வியன்னாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இன்னொரு முறை விட்டுக்கொடுக்க ரஷ்யா தயாராக இல்லை.

பிரிட்டனோ, ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்த ஆகஸ்ட் 4 அன்றுதான் போரில் இறங்கியது.