கிளிநொச்சியில் கையால் பெயர்ப்பலகை எழுதும் கடை

டிப்போச் சந்திப் பக்கம் இருக்கிற இந்தக் கடையில்தான் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பலகை எழுதுவித்தோம், அருமையான வேலை. ஃபிளெக்ஸ் வெயிலில் வெளிறிவிடும் என்று அண்ணை தகரத்தில் எனாமல் பெயின்றால்தான் எழுதுகிறார், எழுத்துக்குப் பின்னால் விழும் நிழல்கோட்டை மெல்லிய தூரிகையால் ஒரே மூச்சில் இழுப்பதைப் பார்க்கவே போகலாம்.

சுவர் முழுக்க வடகொரியச் சுவரொட்டிப் படங்கள். "தம்பி, இதெல்லாம் கையால் கீறினது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிவப்பும் அழுத்தமான முகங்களும் கண்ணை இழுக்கின்றன, ஆனால் எல்லாம் கட்சியும் தலைவரும் உற்பத்தி இலக்கும்தான். அந்த நாட்டுத் தலைநகர் பியொங்யாங்கில் வணிக விளம்பரம் என்றால் பியொங்வா மோட்டார்ஸ் கார்ப் பலகை போலச் சொற்பமாகத்தான் இருந்தது; 2009இல் அரசத் தொலைக்காட்சியில் தேடொங்காங் பியருக்கு விளம்பரம் போனதே உலகச் செய்தியானது. இங்கே ஏ9 வீதியில் சோப்பும் சிமெந்தும் வங்கியும் இடத்துக்கு அடிபடுகின்றன, அது எரிச்சல்தான், ஆனாலும் என் கடைக்கு என்ன எழுதுவது என்று நானே சொல்லலாம். அங்கே இவ்வளவு கைத்திறன் உள்ளவனுக்கு அது இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

விலை ஃபிளெக்ஸை விடக் கூட. மாரியில் பெயின்ற் காயச் சுணங்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.