இலை நுனி கருகுகிறதா? ஹியூமிடிஃபையரை விட நல்ல தண்ணீருக்கே என் ஓட்டு

கலத்தியா, மராண்டா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் என்று வீட்டுக்குள் வளர்க்கும் வெப்பமண்டலச் செடிகளில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கொஞ்ச நாளில் வரும் புகார் ஒன்றுதான்: இலை நுனி பழுப்பாகிக் காய்கிறது. யாரிடம் கேட்டாலும் “காற்றில் ஈரப்பதம் போதவில்லை, ஸ்பிரே அடி” என்பார்கள். அதில் சரியாகவில்லை என்றால் காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷினான ஹியூமிடிஃபையர் வாங்கச் சொல்வார்கள். ஊற்றும் தண்ணீரை மாற்றிப் பார் என்று சொல்பவர்கள் குறைவு. ஹியூமிடிஃபையரையும் வைத்துப் பார்த்து, தண்ணீரையும் மாற்றிப் பார்த்து, கடைசியில் தண்ணீர்ப் பக்கம் நின்றுவிட்டவன் நான். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாப் பழுப்பும் ஒரே ரகமில்லை. வெயில் படும் பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்துக் காய்ந்தால் அது வெயிலின் வேலை. கீழ் இலைகள் மஞ்சளாகி, பழுப்புப் பகுதி மொறுமொறுப்பாக இல்லாமல் கொழகொழவென்று இருந்தால் பெரும்பாலும் வேர் அழுகல். அதற்கு ஈரப்பதமும் உதவாது, நல்ல தண்ணீரும் உதவாது. ஊற்றுவதை நிறுத்தி வேரைப் பார்க்க வேண்டும். இலை முழுக்க பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் சிலந்திப் பேன். நான் பேசப்போவது இவை எதுவும் இல்லாமல், நுனியும் ஓரமும் மட்டும் மெல்லிய கோடாகக் காய்ந்துகொண்டே போவதைப் பற்றி.

ஸ்பிரேயை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். அடித்த ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும், அறையின் ஈரப்பதம் பழையபடி ஆகிவிடும். உப்புத் தண்ணீராக இருந்தால் இலைமேல் வெள்ளைப் புள்ளிகள் மிச்சம். தூசி துடைக்க நல்லது, அவ்வளவுதான். தொட்டிக்கடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைக்கும் தட்டும் ஏறக்குறைய அதே கதை.

ஹியூமிடிஃபையர் அப்படியில்லை, அது உண்மையிலேயே வேலை செய்யும். செடிக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரப்பதம் 50, 60 சதவீதத்தைத் தொடும். கலத்தியாவின் சுருண்ட புது இலை ஒட்டிக்கொள்ளாமல், கிழியாமல் விரிவதை வைத்தே வித்தியாசம் தெரியும். சிக்கல் அதைக் கட்டி மேய்ப்பதில்தான். ஓடவிட்டால் அநேகமாகத் தினமும் தண்ணீர் நிரப்ப வேண்டும். அடிக்கடி கழுவாவிட்டால் டேங்குக்குள் வழவழவென்று பாசி போல ஒன்று படியும், அது அப்படியே காற்றில் கலக்கும். நாம் நாலு நாள் வெளியூர் போனால் டேங்க் காலி, செடி மறுபடி பழைய காற்றில். இதையெல்லாம் விட வேடிக்கை, தண்ணீரை அதிர்வால் பனிபோலச் சிதறடிக்கும் அல்ட்ராசானிக் வகையில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அறை முழுக்க வெள்ளைப் பொடி படிகிறது. அதனால் சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மெஷினுக்கே நல்ல தண்ணீர் தேவை என்றால், அதை நேராகச் செடிக்கே ஊற்றிவிடலாமே என்று தோன்றிய இடத்தில்தான் நான் கட்சி மாறினேன்.

இந்தச் செடிகளில் பலவும் காட்டில் பெரிய மரங்களின் நிழலில், தரையோடு வளர்பவை. அங்கே அவற்றுக்குக் கிடைப்பது ஈரக்காற்று மட்டுமில்லை, உப்பே இல்லாத மழைத் தண்ணீரும்தான். வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே ஆவியாகப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடமான நுனியிலும் ஓரத்திலும் அது தங்கிச் சேர்ந்து, அங்கிருக்கும் திசுவைக் கொல்லும். தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளூரைடு என்ற உப்பு இதில் மோசமான ஆள். டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும் மிகக் குறைந்த அளவைக்கூடத் தாங்காது, கலத்தியாவும் அந்த வரிசையில்தான்.

“தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும்” என்று ஒரு பேச்சு உண்டு. குளோரின் போகும், சரி. சில இடங்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமைன் அப்படிப் போகாது, ஃப்ளூரைடு அசையவே அசையாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி ஃப்ளூரைடு இன்னும் செறிவாகும். சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் அதைவிட ஆபத்து. கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைப் போட்டுத் தருகிறது. ஆக, மிஞ்சுவது மழைத் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வருவதைச் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு, இந்தச் செடிகளுக்கு அது கூடவே கூடாது. எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, ஆனால் உள்ளே படிந்த அழுக்கு கலந்து வரலாம். டிரசீனாவுக்கு அதை ஊற்றுகிறேன், குறை தெரியவில்லை. கலத்தியாவுக்கு ஊற்றிப் பார்த்ததில்லை.

நல்ல தண்ணீருக்கு மாறினால் மட்டும் போதாது, மண்ணில் ஏற்கெனவே சேர்ந்ததைக் கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியின் உள்விளிம்பையும் மண்ணின் மேற்பரப்பையும் உற்றுப் பாருங்கள்: வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொருக்கு தட்டியிருந்தால் அதுதான் உப்பு. மேல்மண்ணை லேசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடியவிட வேண்டும். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். விட்டால் மண் அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து மட்டுமே உறிஞ்ச விடுபவர்கள் இதை அவ்வப்போது செய்தே ஆக வேண்டும்.

இதிலும் செலவில்லாமல் இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய கிடையாது, அதனால் செடி வளரும் காலத்தில் உரம் தேவை. உரமும் உப்புதான், எனவே பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு போதும். சூப்பர் பாஸ்பேட் என்ற உரத்தைத் தவிர்க்கலாம், அதிலேயே ஃப்ளூரைடு உண்டு. ஆனாலும் பராமரிப்பு என்று பார்த்தால் போட்டியே இல்லை. தண்ணீர் எப்படியும் ஊற்றத்தான் போகிறோம், எந்தக் குடத்திலிருந்து மொள்கிறோம் என்பதுதான் மாறுகிறது. கழுவ மெஷின் இல்லை. வெளியூர் போனாலும் கழுவிய மண் கழுவினபடியே இருக்கும்.

ஹியூமிடிஃபையர் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஹீட்டரோ ஏசியோ நாள் முழுக்க ஓடி, ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் அறையில் எத்தனை நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மெல்லிய இலைக் கலத்தியாக்கள் காயத்தான் செய்யும். பெரணிகளும் அப்படித்தான் என்கிறார்கள். நான் அதிகம் வளர்த்ததில்லை, அந்த விஷயத்தில் என் சொல்லை ரொம்ப நம்ப வேண்டாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும். பழுப்பான நுனி மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து முடிவு செய்யாமல் மாற்றத்துக்குப் பிறகு விரியும் இலைகளைப் பாருங்கள். பழைய நுனி கண்ணை உறுத்தினால் இலையின் வளைவை ஒட்டிக் கத்தரிக்கலாம். பழுப்பில் ஒரு நூல் அளவு விட்டுவிட்டு வெட்டுங்கள். பச்சை வரை வெட்டினால் அந்த விளிம்பு மறுபடி காயும்.