பூனையின் தீராத அரிப்பு: இரத்தப் பரிசோதனையா, விலக்கிப் பார்க்கும் முறையா?

கழுத்தில் கடுகு போன்ற பொருக்குகள், நக்கி நக்கி மயிர் உதிர்ந்த வயிறு: இவை தெள்ளுப்பூச்சியாலும் வரும், உணவு ஒவ்வாமையாலும் வரும், வீட்டுத் தூசியாலும் வரும் என்பதால், புண்ணின் தோற்றத்தை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது.

வேகமான வழியாகத் தெரிவது இரத்தப் பரிசோதனைதான். ஆனால் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதை நம்ப முடியாது. நோயற்ற பூனைக்கும் அது ஒவ்வாமை என்று காட்டக்கூடும். அந்தப் பணத்தை முதலில் தெள்ளுப்பூச்சி மருந்துக்குச் செலவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எங்கள் பூனையிடம் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் வாலடியில் வாரி, சிக்கிய கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டியபோது, ஒவ்வொன்றைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவியது. அது பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். பூச்சிகளைப் பூனையே நக்கி விழுங்கியிருந்தது. கூட்டுப்புழுக்கள் தரை இடுக்குகளில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் 2 முதல் 3 மாதங்களாவது மருந்து தொடர வேண்டும். நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடக்கூடாது. அது உயிரையே பறித்துவிடும்.

பூச்சி ஒழிந்தும் அரிப்பு நிற்காவிட்டால், உணவை விலக்கிப் பார்க்க வேண்டும். மீனும் கோழியும் தின்று வளர்ந்த பூனைக்கு, அது இதுவரை தின்றிராத ஒரு இறைச்சியையோ ஹைட்ரோலைஸ்டு (ஒவ்வாமையைத் தூண்டாதபடி மிகச் சிறு கூறுகளாக உடைக்கப்பட்ட) புரத உணவையோ மருத்துவர் மேற்பார்வையில் 8 வாரங்களுக்கு, வேறெதுவும் கலக்காமல், கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டார் இரக்கப்பட்டுப் போடும் ஒரு மீன் தலைகூட இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பும் திரும்பினால்தான் காரணம் உறுதியாகும்.

ஸ்டீராய்டு ஊசி ஓரிரு நாளில் அரிப்பை அடக்கிவிடும். ஆனால் அது காரணத்தை மறைத்துவிடுகிறது, அடிக்கடி போட்டால் நீரிழிவுக்கும் வழி செய்யும். படர்தாமரை இல்லை என்று மயிரைச் சோதித்து உறுதிசெய்யாமல் அதைப் போடுவது இன்னும் ஆபத்து, ஏனெனில் அந்தப் பூஞ்சை பெருகி வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

பூச்சி, சொறி, பூஞ்சை, உணவு ஆகிய எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் அரிப்பு மிஞ்சினால், அது சுற்றுச்சூழல் ஒவ்வாமையாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு வேலை இருப்பது அப்போதுதான்: ஒவ்வாமைக்கான தடுப்பூசியில் ஒவ்வாமை தூண்டும் எந்தப் பொருள்களைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க.