இரண்டாவது மானிட்டருக்குப் போக மறுக்கும் விண்டோ

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க ஜிஎல்எஃப்டபிள்யூவையும் டியர் ஐஎம்ஜியூஐயையும் சேர்த்துத்தானே ஓட்டுறீங்க? நானும் அதையே எடுக்கலாமா?" இரண்டும் மென்பொருள் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் நூலகங்கள். வேறொரு நாளாக இருந்தால் யோசிக்காமல் "எடுங்க" என்றிருப்பேன். அன்று காலையில்தான் அதோடு மல்லுக்கட்டி முடித்திருந்தேன்.

சென்சார் அளவுகளை வரைபடமாகக் காட்டும் சின்ன மென்பொருள் என்னுடையது. நான்கு வருடமாக இந்தக் கூட்டணியில்தான் ஓடுகிறது. விண்டோவைத் திறப்பது, கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஜிஎல்எஃப்டபிள்யூவின் வேலை. பட்டனும் ஸ்லைடரும் வரைவது ஐஎம்ஜியூஐ. ஒரு பட்டன் வேண்டுமா, ஒரு வரி எழுதினால் போதும். அழுத்தினார்களா என்பதையும் அந்த வரியே சொல்லிவிடும். இந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டால் வேறெதற்கும் கை போகாது. ஆரம்பத்தில் ஒரு மாலை முழுக்க டெக்ஸ்ட் பாக்ஸில் ஓர் எழுத்துகூட விழவில்லை. ஐஎம்ஜியூஐ தன் கால்பேக்குகளை, அதாவது கீ அழுத்தினால் அழைக்கப்படும் ஃபங்ஷன்களை, பதிந்த பிறகு நான் என்னுடையதைப் பதிந்து, அதனுடையதை அழித்திருக்கிறேன். அது என் தப்பு.

ஐஎம்ஜியூஐயின் டாக்கிங் கிளை என்ற தனிப் பதிப்பில், ஒரு பேனலைப் பிடித்து வெளியே இழுத்தால் அது தனி விண்டோ ஆகிவிடும். வரைபடம் இடது மானிட்டரில், பட்டன்கள் வலது மானிட்டரில். மூடித் திறந்தாலும் அதே இடம். எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

லினக்ஸில் உபுண்டு 24.04-க்கு மாறியதும் ஒரே ஒரு குறை. திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் 125 சதவீத ஸ்கேலிங்கில் எழுத்தெல்லாம் மங்கல். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதிய முறை வேலேண்ட். ஜிஎல்எஃப்டபிள்யூவின் பழைய 3.3 பதிப்பு, எக்ஸ்11 மென்பொருளாக, இரண்டுக்கும் பாலமான எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று 2024-ல் வந்த 3.4-ஐ மூலத்திலிருந்து கட்டினேன். அது வேலேண்டை நேரடியாகப் பிடித்துக்கொண்டது. எழுத்து கண்ணாடி மாதிரி. ஆனால் பேனலை இழுத்தால் வெளியே வரவில்லை, விண்டோவும் பழைய இடத்தில் திறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் இது நூலகத்தின் குறை இல்லை. வேலேண்டில் ஒரு மென்பொருளுக்குத் தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இடம் ஒதுக்குவது, எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டர். இங்கே வை என்று கேட்டால், அந்த வசதி இல்லை என்ற பிழைதான் வரும். ஜிஎல்எஃப்டபிள்யூ ஆவணமும் இதை ஒளிக்காமல் சொல்கிறது. 1987-லிருந்து எக்ஸ்11-ல் எந்த மென்பொருளும் எங்கும் போய் உட்காரலாம் என்றிருந்ததை வேண்டுமென்றேதான் மாற்றினார்கள். புரிகிறது. ஆனாலும் தினமும் காலையில் விண்டோவைக் கையால் இழுத்து வைக்கும்போது இந்த நியாயம் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

3.4-ல் ஒரு வழி இருக்கிறது. தொடங்கும்போதே எக்ஸ்11 போதும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இடம் திரும்ப வரும். மங்கலும் திரும்ப வரும். இப்போது அந்த வரி ஓடாதபடி கமெண்ட் போடுவதும் கமெண்டை எடுப்பதுமாக இருக்கிறேன். கண் வலிக்கும் நாளில் வேலேண்ட், வேலை அதிகமுள்ள நாளில் எக்ஸ்11.

நண்பரிடம் இவ்வளவையும் புகழ்ந்து, புலம்பி, கடைசியில் "வேண்டாம், க்யூட்டி எடுங்க" என்றேன். அதுவும் விண்டோ, பட்டன் எல்லாம் தரும் இன்னொரு நூலகம்.

"அதுல விண்டோ சொன்ன இடத்துல நிக்குமா?"

"வேலேண்ட்ல அதுவும் நிக்காது."

"அப்புறம் எதுக்கு?"

டீ சொல்லலாமா என்று கேட்டேன்.