300பி சிங்கிள் எண்டடா, இஎல்34 புஷ்-புல்லா?

வால்வு (வெற்றிடக் குழாய்) ஸ்டீரியோ பவர் ஆம்ப் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் வால்வைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்று பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

எதிரெதிரே நிற்பவை இரண்டு. சேனலுக்கு ஒரே ஒரு 300பி வால்வு போட்டு, முழு அலையையும் அதுவே பெருக்கும் சிங்கிள் எண்டட் ஒன்று. சேனலுக்கு இரண்டு இஎல்34 வால்வு போட்டு, ஒன்று தள்ள மற்றது இழுக்கும் புஷ்-புல் மற்றொன்று. முன்னது 7, 8 வாட் தரும். பின்னது அல்ட்ராலீனியர் இணைப்பில் (வால்வின் ஸ்க்ரீன் என்ற உள் வலையை அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இடையிலுள்ள ஒரு டேப்பில் சேர்ப்பது) 35 வாட் வரை போகும். நாலு மடங்குக்கு மேல் என்றதும் பெரிதாகத் தோன்றும், ஆனால் டெசிபல் கணக்கில் வித்தியாசம் 6 சொச்சம்தான். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 96 டெசிபல். 35 வாட் கொடுத்தால் 102. அதே 8 வாட் 95 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போனால் 104! ஸ்பீக்கர் சரியாக அமைந்தால் சின்ன ஆம்ப் பெரியதை முந்திவிடும்.

300பி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-ல் கொண்டுவந்த ட்ரையோட், அதாவது கேத்தோடு, கிரிட், பிளேட் என்று மூன்றே முனைகள் கொண்ட வால்வு. சர்க்யூட்டைத் தாளில் வரைந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். அந்த எளிமையை நம்பி இறங்கினால்தான் கஷ்டம் புரியும். 350 வோல்ட், 60 மில்லி ஆம்பியரில் ஓட்டினால் கிரிட் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது கிரிட்டில் இருக்கும் நிலையான வோல்ட்டேஜ்) மைனஸ் 74 வோல்ட் பக்கம் வரும். முழு சக்தி வேண்டுமென்றால் அதற்குச் சிக்னல் ஊட்டும் டிரைவர் வால்வு மேலும் கீழும் அத்தனை வோல்ட் ஆட்டித் தர வேண்டும், அதுவும் சிதையாமல். இஎல்34-க்கு இதில் பாதி போதும். தவிர, 300பி-யில் சூடேறும் இழையான ஃபிலமென்ட்டே எலெக்ட்ரான் உமிழும் கேத்தோடு. 5 வோல்ட் ஏசி கொடுத்தால் ஹம் நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். ஃபிலமென்ட்டின் குறுக்கே ஒரு ஹம் பாட் (திருப்பிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் உறுமல் சட்டென்று அடங்கும். அந்த இடத்தைத் தாண்டினால் மறுபடி ஏறும். 95 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் என்றால் இதுவும் போதாது, ஃபிலமென்ட்டுக்கு டிசி கொடுப்பதே நல்லது.

ஆனால் பணமும் எடையும் போவது அவுட்புட் டிரான்ஸ்பார்மரில். சிங்கிள் எண்டடில் அந்த 60 மில்லி ஆம்பியர் டிசி பிரைமரி (வால்வு பக்கக் கம்பிச் சுற்று) வழியே ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி சாச்சுரேட் ஆகாமலிருக்க அதில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் இண்டக்டன்ஸ் குறையும். அது குறைந்தால் பாஸ் போய்விடும். ஈடுகட்ட கோரைப் பெரிதாக்குவதுதான் வழி. புஷ்-புல்லில் இரண்டு வால்வின் டிசியும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் ஹம்மும் அதே வழியில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் 1959-ல் வந்த டைனக்கோ எஸ்டி-70 போன்ற ஆம்ப்கள் நடுத்தர அளவு டிரான்ஸ்பார்மரிலேயே சேனலுக்கு 35 வாட் தர முடிந்தது.

ஒலிக்கு வருவோம். ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துப் பிழையைக் குறைப்பது) இல்லாத 300பி-யில் சிதைவாக மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இரு மடங்கு அதிர்வெண். அது மூல ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காதுக்கு இடைஞ்சலாகத் தெரிவதில்லை. ஒற்றைக் குரலோ ஒரு கம்பி வாத்தியமோ ஒலிக்கும்போது கிடைக்கும் அந்த நெருக்கத்தை நான் வேறெந்த ஆம்பிலும் கேட்டதில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. 700 ஓம் பிளேட் ரெசிஸ்டன்ஸும் 3000 ஓம் பிரைமரியும் வைத்துக் கணக்கிட்டால், 8 ஓம் பக்கத்தில் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் அளவுக்கு வரும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கி இன்னோரிடத்தில் 25 ஓமுக்கு ஏறினால், ஒலி அளவும் ஏறத்தாழ 3 டெசிபல் ஏறி இறங்கும். சிலர் ரசிக்கும் 'வால்வு இனிமை'யில் ஒரு பங்கு இதுதான். புஷ்-புல்லில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் அடிபட்டுப் போகும். ஃபீட்பேக் சேர்ந்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் அரை ஓம் பக்கம் வந்துவிடும், பாஸ் இறுகும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தாள வாத்தியங்களுக்கும் நான் இதைத்தான் கேட்பேன்.

பராமரிப்பில் 300பி சுலபம். கேத்தோடு ரெசிஸ்டர் போட்டால் பயாஸைத் தொட வேண்டியதில்லை. ஃபிக்ஸட் பயாஸ் (தனி சப்ளையிலிருந்து வரும், நாமே சரிசெய்யும் பயாஸ்) இஎல்34-க்கு ஒவ்வொரு கேத்தோடிலும் ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்துவிடுங்கள். அதன் குறுக்கே ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மில்லி ஆம்பியர். 430 வோல்ட்டில் 40 காட்டினால் 17 வாட், வால்வின் 25 வாட் எல்லைக்குள் நிம்மதியாக இருக்கும். சூடேற ஏற எண் நகரும், அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துத் திருத்துங்கள். எந்த ஆம்பானாலும் ஸ்பீக்கரையோ லோடையோ இணைக்காமல் சிக்னல் கொடுக்காதீர்கள். கெப்பாசிட்டர்களுக்கு, தேங்கிய மின்னூட்டத்தை வடித்துவிடும் ப்ளீடர் ரெசிஸ்டர் கட்டாயம். பவரை அணைத்த பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

என் தேர்வு: 92, 93 டெசிபலுக்குக் கீழே எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் இஎல்34 புஷ்-புல். முதல் ஆம்ப் செய்பவருக்கும் அதுவேதான். ட்ரையோட் ஆசை விடவில்லையா? ஒவ்வொரு இஎல்34-ன் ஸ்க்ரீனையும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிளேட்டுக்கோ அல்ட்ராலீனியர் டேப்புக்கோ மாற்றிவிட ஒரு சுவிட்ச் வையுங்கள், உயர் வோல்டேஜ் தாங்கும் சுவிட்சாகப் பார்த்து. ட்ரையோடில் சக்தி பாதியாகும். பவரை அணைத்துவிட்டு மாற்றி, ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் கேளுங்கள். ட்ரையோட் பக்கமே கை போய்க்கொண்டிருந்தால், அப்புறம் 300பி-க்கும் அதற்கேற்ற ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கலாம்.