எஃகுக் கம்பியா, சிலிக்கா இழையா?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூணைத் தட்டினால் தெளிந்த சுருதி எழுகிறது. அதிர்வைத் தனக்குள் விழுங்கிவிடாத பொருளே அப்படி ஒலிக்கும் என்பதை நினைவில் வைத்தால், ஈர்ப்பலைகளை, அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கும் அலைகளை, லேசரால் உணரும் கருவியின் ஆடிகளை எதில் தொங்கவிடுவது என்ற கேள்வி எளிதாகிறது. அமெரிக்காவின் லைகோ என்னும் ஈர்ப்பலைக் கருவியின் முதல் தலைமுறையில் ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள ஆடியை எஃகுக் கம்பி தாங்கியது. எஃகு உறுதியானதுதான், ஆனால் அதிர்வை விழுங்கும் உள்ளுராய்வு மிகுதியாதலால் வெப்பத்தால் எழும் அதன் நடுக்கம் பல அதிர்வெண்களில் பரவி, லேசர் தேடும் நுண்ணிய நீளமாற்றத்தை மறைக்கிறது. மேம்பட்ட லைகோவிலோ 40 கிலோ ஆடியை 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு சிலிக்கா (தூய கண்ணாடி) இழைகள் தாங்குகின்றன; அவற்றின் உள்ளுராய்வு மிகக் குறைவு. நடுக்கம் பெரும்பாலும் அவ்விழைகள் இயல்பாக ஒலிக்கும் அதிர்வெண்களிலேயே ஒடுங்குவதால் இடைப்பட்ட பகுதி அமைதியாகிறது. என் தேர்வு சிலிக்காவே. ஆனால் அது நொறுங்கக்கூடியது: இத்தாலியிலுள்ள விர்கோ என்னும் ஈர்ப்பலைக் கருவியில் தூசுத்துகள் பட்டு இழைகள் அறுந்தமையால், 2017 ஆகஸ்டில் அக்கருவி எஃகுக் கம்பிகளோடே இயங்க நேர்ந்தது.