டியூபா, கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா? உங்கள் ஸ்பீக்கரைக் கேளுங்கள்

ஸ்டீரியோ வாங்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வாட்ஸ்?’ என்பதுதான். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில் (சுருக்கமாக ஆம்ப்) 100, ஸ்பீக்கரின் முதுகிலும் 100 என்றால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருப்பது அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். அதற்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்பவை வேறு இரண்டு: சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது), இம்பீடன்ஸ் (ஆம்ப் தரும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, ஓமில்). இந்த இரண்டும் தெரியாமல் டியூப் (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப் உசத்தியா, டிரான்சிஸ்டர் உசத்தியா என்று மணிக்கணக்கில் வாதாடுவது வெட்டி வேலை. என் கட்சி எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதலில் ஸ்பீக்கர், அப்புறம்தான் ஆம்ப்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் 3 மீட்டர் தூரம். சராசரியாக 80 டெசிபலில் கேட்கிறீர்கள். நன்றாகப் பதிவான இசையில் தாளக் கருவிகள் வெடித்து எழும் கணங்கள் அதைவிட 20 டெசிபல் மேலே போகலாம், அதாவது 100. தூரத்தால் 9.5 டெசிபல் போய்விடும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் 3, அறையின் எதிரொலிப்பால் தோராயமாக இன்னொரு 3 திரும்பி வரும். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு மீட்டரில் 103.5 டெசிபல் தர வேண்டும்.

இனி சென்சிட்டிவிட்டியைப் பொறுத்து ஆம்ப் எப்படி மாறுகிறது பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 45 வாட் போதும். 83 என்றால் 112 வாட் வேண்டும். 95 என்றால் வெறும் 7. 104 டெசிபல் ஹார்ன் (புனல் வடிவ) ஸ்பீக்கருக்கு ஒரு வாட்கூட முழுதாகத் தேவையில்லை. அறை அதே, பாட்டு அதே, சத்தமும் அதே, ஆனால் தேவை நூறு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான் என்பதால், 60 வாட்டா 80 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வித்தியாசம் 1.25 டெசிபல்.

இந்த இரண்டு முனைகளும் கற்பனை அல்ல. பால் கிளிப்ஷ் 1940களில் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொண்டு 104 டெசிபலைத் தொட்டது. மறுமுனையில், 1970களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டி, சுமார் 83. சரி, அதற்கு 112 வாட் கொடுத்தால் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். தாழ்ந்த ஒலிகளைத் தரும் அந்தக் குட்டி வூஃபர் அவ்வளவைத் தாங்காது. ஒலிபரப்பு வேனுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்தது அது. எந்த ஆம்பாலும் அதைப் பெரிய ஹாலுக்கு ஏற்றதாக்க முடியாது.

சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிக சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஸ்பீக்கர் செய்பவர்களிடையே பழைய விதி. 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் சிறிய பெட்டியையும் ஆழமான பாஸையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் தொழில் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 84 முதல் 90 டெசிபலுக்குள் இருப்பது அதனால்தான்.

சென்சிட்டிவிட்டி எண்ணில் ஒரு தந்திரமும் உண்டு. பலர் அதை ஒரு வாட்டுக்கு அல்ல, 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதுகிறார்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அதே வோல்ட்டேஜ் இரண்டு வாட்டை இழுக்கும். ஆக ‘88 டெசிபல், 4 ஓம்’ என்று போட்டிருந்தால் மனசுக்குள் 85 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

டியூப் ஆம்ப்

வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 300பி டியூபை ஒற்றையாக வைத்துச் செய்யும் ஆம்பில் வருவது சுமார் 8 வாட். 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு மேற்படி கணக்குப்படி அது போதும். 87க்குப் போதவே போதாது. ஆனால் வாட்டைவிட முக்கியமான சிக்கல் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு. ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலைத் திருப்பி ஒப்பிட்டுப் பிழை திருத்தும் முறை) இல்லாத இந்த வகை ஆம்புகளில் அது 2 ஓம் அளவுக்கு இருப்பது சகஜம்.

அதனால் என்ன ஆகிறது? ‘8 ஓம்’ என்று எழுதியிருந்தாலும் எந்த ஸ்பீக்கரும் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்பதில்லை. ஒரு இடத்தில் 4க்கு இறங்கும், பாஸ் ரெசனன்ஸிலும் (வூஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) கிராஸ்ஓவர் (வூஃபருக்கும் மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கும் சிக்னலைப் பிரிக்கும் சுற்று) அருகிலும் 20க்கு ஏறும். 2 ஓம் உள்ள ஆம்ப், 4 ஓம் பள்ளத்தில் 3.5 டெசிபலை இழக்கிறது, 20 ஓம் மேட்டில் 0.8 மட்டுமே இழக்கிறது. இடையே 2.7 டெசிபல் வித்தியாசம். ஈக்வலைசரைக் கையால் திருகியதற்குச் சமம் இது. 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்பில் இதே வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே.

‘டியூபின் இதமான ஒலி’ என்று உருகுவதில் பெரும்பகுதி இந்த மேடு பள்ளம்தான் என்பது என் எண்ணம். அது பிடித்திருந்தால் தப்பே இல்லை. ஆனால் அது அந்த ஸ்பீக்கரோடு சேர்ந்தபோது வந்த ஒலி, வேறு ஸ்பீக்கரில் அப்படியே வராது. எனவே 93 டெசிபலுக்கு மேல், இம்பீடன்ஸ் வரைபடம் அதிகம் ஆடாத ஸ்பீக்கர் இருந்தால் மட்டும் டியூப் பக்கம் போங்கள். கையில் ஏற்கெனவே டியூப் ஆம்ப் இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கரை அதன் 4 ஓம் முனையில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். உச்ச சக்தி குறையும், ஆனால் அவுட்புட் இம்பீடன்ஸும் சேர்ந்தே குறைவதால் பாஸ் இறுகும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கிளாஸ் ஏபி

வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப் இது. சுவாரசியம் குறைவு, வேலை சுத்தம். 84 முதல் 90 டெசிபல் வரையிலான ஸ்பீக்கருக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இங்கே சோதிக்க வேண்டியது 4 ஓமில் எத்தனை வாட் என்ற எண். 8 ஓமில் 60, 4 ஓமில் 100க்கு மேல் என்றால் பவர் சப்ளை தெம்பாக இருக்கிறது. 8 ஓமில் 100 என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு 4 ஓம் பற்றி மூச்சே விடவில்லை என்றால் அங்கே கரண்ட் பற்றாக்குறை இருக்கலாம்.

ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலைப்படி ஸ்பீக்கர் தன் பெயரளவு இம்பீடன்ஸில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது: 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. நடைமுறையில் ‘8 ஓம்’ என்ற பெயரோடு 4க்குக் கீழே போகும் டவர் ஸ்பீக்கர்கள் உண்டு. எல்லை தாண்டிய உதாரணம் வேண்டுமென்றால் 1980களின் அபோஜி சின்டில்லா: சுமார் ஒரு ஓம். வீட்டு ஆம்புகளில் பெரும்பாலானவை அதன்முன் கைவிரித்துவிடும்.

டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்த எண்) 200ஆ 2000ஆ என்ற போட்டியைக் கண்டுகொள்ள வேண்டாம். வூஃபர் காயிலின் 6 ஓம் மின்தடை அதே சுற்றில் உட்கார்ந்திருக்கிறது. அதன்முன் இந்த வித்தியாசம் தூசு.

கிளாஸ் டி

டிரான்சிஸ்டர்களை அதிவேக சுவிட்ச்போல ஏற்றி அணைக்கும் ஆம்ப் இது. அதிகம் சூடாகாது, சுமார் 90 சதவீதத் திறன், கைக்கு அடக்கமான பெட்டி. இவற்றில் பல மலிவான சிப் ஆம்புகள் ஃபீட்பேக்கை அவுட்புட் ஃபில்ட்டருக்கு (சுவிட்ச் இரைச்சலை வடிகட்டும் சுற்று) முன்னாலேயே எடுத்துவிடுவதால், ட்ரெபிளின் உச்சி ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பொறியாளர் புரூனோ புட்ஸீஸ் பிலிப்ஸில் வடிவமைத்த யுசிடி முறையும் பின்னர் ஹைபெக்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த என்கோரும் ஃபீட்பேக்கை ஃபில்ட்டருக்குப் பின்னால் எடுத்தன. அத்தோடு அந்தக் குறை தீர்ந்தது. இந்த வகை கிடைத்தால் 83, 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு என் ஓட்டு கிளாஸ் டிக்குத்தான். அவ்வளவு சக்தியை ஏபியில் வாங்கினால் ஹீட்சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் வாட் விஷயத்தில் அதிகம் அளந்துவிடுவதும் இந்தப் பக்கம்தான். ‘2×300 வாட்’ என்ற அட்டைப்பெட்டிக்குள் 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் இருக்கும். பெருக்கினால் 160 வாட், அதுவும் இரண்டு சேனலுக்கும் சேர்த்து. அந்த 300 என்பதும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்ததாக இருந்தால், காதில் கரகரப்பு நிச்சயம்.

ஆம்ப் பத்தாமல் போனால் ஒலி தட்டையாக வெட்டுப்படும். அப்போது மேல் அதிர்வெண்களில் சக்தி கூடி ட்வீட்டர் எரியலாம். தேவைக்கு மேல் பெரிய ஆம்ப் என்றால் வால்யூமில் கட்டுப்பாடு இருந்தால் போதும்.

தலைகீழ்ப் பொருத்தமின்மையைத்தான் யாரும் பேசுவதில்லை. 200 வாட் ஆம்பை 100 டெசிபல் ஹார்னுடன் சேர்த்துப் பாருங்கள். பாட்டு இல்லாத நேரத்தில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் நாற்காலி வரை வரும். வால்யூம் குமிழை எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பதுக்குத் திருப்புவதற்குள் அறை அதிரும். மலிவான வால்யூம் கன்ட்ரோல்களில் அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது, பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார். பவர் ஆம்பில் கெயின் (பெருக்க அளவு) சுவிட்ச் இருந்தால் அதைக் குறைந்த நிலைக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் ப்ரீஆம்புக்கும் (வால்யூம் குமிழ் உள்ள பகுதி) பவர் ஆம்புக்கும் இடையே 10 அல்லது 20 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) ஒரு ஜோடி மாட்டினால் குமிழ் நடுப்பகுதிக்கு வந்துவிடும்.